சவிரிமுத்தரின் கட்டில் அட்டை

கை கழுவுவதற்குப் பதினொரு படிமுறைகள் இருக்கின்றன என்பதையும், தண்ணீர் அவற்றில் ஒன்று அல்ல என்பதையும் ஜெனீற்றா முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டாள்.

நெடுந்தீவில் உள்ள தீவக உதவித் தாதியர் பயிற்சி நிலையத்தின் செய்முறை மண்டபத்தில் மூன்று கைகழுவும் தொட்டிகள் வரிசையாக இருந்தன. தொட்டிகள் வெள்ளை வெளேரென்று இருக்கும். குழாய்கள் பளபளக்கும். குழாய்க்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டிய பைப்பு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அதற்காகப் பாடத்தை நிறுத்த முடியுமா? மாணவிகள் பதினான்கு பேரும் தொட்டிகளுக்கு முன்னால் நின்று, இல்லாத தண்ணீரில் கையை நனைத்து, இல்லாத சவர்க்காரத்தைத் தேய்த்து, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒழுங்காகப் போய், கடைசியில் ஈரமில்லாத கையை அழகாக உதறினார்கள். ஒருநாள் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் நடன வகுப்பு என்று நினைத்துக் கைதட்டிவிட்டுப் போனார்.

ஜெனீற்றா கடற்றொழில் செய்கிற வீட்டுப் பிள்ளை. நண்டு உடைத்த கையை எப்படிக் கழுவ வேண்டும் என்பது அவளுக்கு ஐந்து வயதிலேயே தெரியும். ஆகவே அவள் பின்வளவுக் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து, சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காட்டினாள். பாடம் எடுத்த பிரியவதனி ரீச்சர் பத்துக்கு இரண்டு புள்ளி போட்டார்.

"தண்ணி விட்டால் நுரை வரும். நுரை வந்தால் விரல் மறையும். விரல் மறைஞ்சால் எந்தப் படிமுறை நடக்குதெண்டு பரீட்சகருக்கு எப்பிடித் தெரியும்? கொஞ்சம் யோசியும் பிள்ளை" என்றார் ரீச்சர்.

ஜெனீற்றா யோசித்தாள். ஊரில் இத்தனை காலமும் எல்லாரும் பரீட்சகருக்குத் தெரியாமல்தான் கை கழுவி வந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

நிலையத்தின் பணிப்பாளர் தம்பிராசா ஏதோ ஒரு திணைக்களத்தில் முப்பத்தாறு வருடம் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். நோய்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் படிவங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் உலகத்தில் கிடையாது. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் மாணவிகளை வரிசையில் நிறுத்தி ஒரே பேச்சைப் பேசுவார்.

"பிள்ளையள், தாதியின்ர ஆயுதம் என்ன? பேனை. நீங்கள் ஒரு நோயாளிக்கு மருந்து குடுத்திட்டு எழுதேல்லை எண்டால், குடுக்கேல்லை. குடுக்காமல் எழுதினால், குடுத்தாச்சு. இதை விளங்கிக்கொண்டால் நீங்கள் முக்கால்வாசித் தாதி. மிச்சக் கால்வாசிக்குத்தான் சீருடை."

பயிற்சிக்கென்று ஒரு பிளாஸ்ரிக் நோயாளி இருந்தது. கனடாவில் இருக்கிற ஊர்ச்சங்கம் அனுப்பியது. கை, கால் மடங்கும், கண் திறந்து மூடும், ஊசி போடத் தொடையில் தனி இடம் உண்டு என்று பெட்டியில் எழுதியிருந்தது. அதைத் திறந்துவைக்கப் பிரமுகர் ஒருவர் வருவதாக இருந்தார். அவர் வரும்வரை உறை பிரிக்கக் கூடாது என்று பணிப்பாளர் அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் நிறுத்திப் பூட்டிவிட்டார். எனவே மாணவிகள் பத்து மாதமும் அலுமாரிக்கு முன்னால் நின்று கண்ணாடிக்கு இந்தப் பக்கத்தில் ஊசி போட்டார்கள், நாடி பிடித்தார்கள், முதுகு துடைத்தார்கள். நோயாளி ஒருபோதும் முறைப்பாடு செய்யவில்லை. இப்படி ஒரு நோயாளியைத் தான் எங்கும் கண்டதில்லை என்று ரீச்சர் அடிக்கடி பெருமையாகச் சொல்வார்.

ஜெனீற்றா எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். அவளுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். இறங்குதுறைக்குப் போகிற வழியில் புதிதாக ஒரு முதியோர் இல்லம் திறந்திருந்தார்கள். அங்கே ஒரேயொரு உதவித் தாதி வேலை இருந்தது. இல்லத்துக்குப் பொறுப்பான சிஸ்ரர் அவளைப் பார்த்தவுடனேயே பிடித்துப்போய், "பரீட்சை முடிஞ்சு வாற திங்கட்கிழமை சான்றிதழோட வாரும். இல்லையெண்டால் வெளியில இருந்து ஆளை எடுத்திடுவினம், நான் ஒண்டும் செய்ய ஏலாது" என்று சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் மச்சாளோடு கட்டுநாயக்காவுக்குப் போய்க் காமென்ற் தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைக்க வேண்டியதுதான். ஜெனீற்றாவுக்கு வயது போனவர்களோடு இருந்து கதை கேட்பதில் சலிப்பே வராது. கொலரோடு என்ன கதைப்பது?

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. செய்முறைப் பரீட்சை உயிருள்ள நோயாளியின் மீதே நடத்தப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. பணிப்பாளர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அறிவித்தல் பலகையில் ஒரு விளம்பரம் ஒட்டினார். "நோயாளி தேவை. வயது அறுபதுக்கு மேல். விண்ணப்பதாரர் பூரண ஆரோக்கியமுடையவர் என்பதற்கு வைத்தியச் சான்றிதழ் இணைக்கப்படல் வேண்டும். மதிய உணவு வழங்கப்படும்."

விண்ணப்பித்தவர் ஒரே ஒருவர்தான். சவிரிமுத்தருக்கு அறுபத்தெட்டு வயது. சோளகக் காற்று எழும்பியிருந்ததால் கடலுக்குப் போகாமல் வீட்டில் வலைக்கும் மனைவிக்கும் இடையில் இருந்து அலுத்துப்போயிருந்த மனிதர். கட்டிலில் படுத்துக்கிடக்கச் சாப்பாடு தருகிறார்கள் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

பரீட்சை நாளன்று அவர் காலை ஏழரைக்கு ஒரு வெறுந்தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டு வந்து சேர்ந்தார். பணிப்பாளர் அவருக்குக் கோடுபோட்ட சேட்டு ஒன்றைக் கொடுத்து, விதிகளை வாசித்தார்.

"நோயாளி கட்டிலை விட்டு எழும்பக் கூடாது. நோயாளி கதைக்கக் கூடாது. தனக்கு என்ன செய்யுதெண்டு நோயாளி சொன்னால் அது பரீட்சார்த்திக்கு விடை சொல்லிக் குடுக்கிற மாதிரி. அதே மாதிரி, பரீட்சார்த்தி நோயாளியிட்டை எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் பரீட்சை மோசடி. அந்த இடத்திலேயே பெயில்."

"சரி ஐயா" என்றார் சவிரிமுத்தர்.

"இப்பவே கதைக்கிறீர்" என்றார் பணிப்பாளர்.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து படகில் ஒரு மணித்தியாலம் ஆடி ஆடி வந்த வெளிப் பரீட்சகர் வின்சன்ற், கரையிலேயே பிற்பகல் மூன்று மணிப் படகைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் மண்டபத்துக்குள் நுழைந்தார். சரியாக ஒன்பது மணிக்குப் பரீட்சை தொடங்கியது. பதினான்கு பேர், ஆளுக்கு இருபது நிமிடம். முடிந்தவர்கள் மற்றவர்களோடு கதைக்காதபடி வேறு அறையில் பூட்டப்படுவார்கள். ஜெனீற்றாவுக்குப் பதினான்காம் இலக்கம். அவள் வெளி விறாந்தையில் யன்னலோரம் கதிரை போட்டு இருந்தாள். உள்ளே நடப்பதெல்லாம் யன்னல் கம்பிக்கூடாகத் தெரிந்தது.

முதலாவதாகப் போன கஜாலினிக்குச் சத்திரசிகிச்சைக்கு முந்திய ஆயத்தம் என்று சீட்டு விழுந்தது. அவள் ஈரமில்லாமல் கை கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, கட்டில் தலைமாட்டில் "வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது" என்ற பலகையை மாட்டிவிட்டு வெளியேறினாள். அந்தப் பலகையை யார் மாட்டினாரோ அவரேதான் கழற்ற வேண்டும் என்பது விதி. பரீட்சை முடிந்தவர் மண்டபத்துக்குள் திரும்பி வரக் கூடாது என்பதும் விதி. இரண்டு விதிகளும் தனித்தனியே பார்த்தால் நல்ல விதிகள்தான்.

இரண்டாவது மாணவி சவிரிமுத்தரின் இரண்டு கால்களிலும் முறிவுக்குக் கட்டுப் போட்டாள். மூன்றாவது மாணவி, முறிந்த கால்கள் முறிந்தபடி இருக்க, அவர் மண்டபத்தை இரண்டு சுற்று நடந்ததாக எழுதினாள். நான்காவது மாணவி இன்சுலின் போட்டாள். ஆறாவது மாணவி மறுபடி போட்டாள். ஊசியில் ஒன்றும் இல்லை, அது தோலிலும் படவில்லை, என்றாலும் எழுத்தில் இரண்டு தரமும் ஏறியது. வெப்பமானியின் பற்றரி செத்து நாளாகிவிட்டதால் எல்லாரும் புத்தகத்தில் உள்ளபடி தொண்ணூற்றெட்டு தசம் நான்கு என்று எழுதினார்கள். சிறுநீர் அளவு என்ற இடத்தில் ஆளுக்கு முந்நூறு மில்லிலீற்றர் எழுதினார்கள். அதுவும் புத்தகத்தில் உள்ளதுதான்.

ஒரு நோயாளிக்கு ஒரு கட்டில் அட்டை என்பது பணிப்பாளரின் கொள்கை. ஆகவே இவ்வளவும் சவிரிமுத்தரின் கால்மாட்டில் தொங்கிய ஒரே அட்டையில்தான் ஏறிக்கொண்டிருந்தது.

எட்டாவதாகப் போனாள் பிரேமினி. வகுப்பில் அவள்தான் முதலாம் ஆள். அவளுக்குக் கிடைத்த சீட்டு, இறந்தவரின் உடலைப் பராமரித்தல். அவள் அதைச் செய்த அழகை யன்னலால் பார்த்த ஜெனீற்றாவுக்கே கண் கலங்கிவிட்டது. கண்ணை மூடினாள், கை காலை நேராக்கினாள், பெருவிரலில் பெயர்த்துண்டு கட்டினாள், வெள்ளைத் துணியால் முகத்தை மூடினாள், தலை குனிந்து ஒரு நிமிடம் நின்றாள். பசியில் அரைத் தூக்கத்தில் கிடந்த சவிரிமுத்தரும் நன்றாக ஒத்துழைத்தார். இறந்த நேரம் பதினொன்று முப்பத்தைந்து என்று எழுதப்பட்டது. வின்சன்ற் எழுந்து நின்று தொண்ணூற்றெட்டுப் புள்ளி போட்டார்.

"ஐயா, மிச்சம் ஆறு பேர் இருக்கினம்" என்று ரீச்சர் பணிப்பாளரின் காதில் சொன்னார்.

"இருக்கட்டும். துணியை விலத்திவிட்டுத் தொடருங்கோ" என்றார் பணிப்பாளர்.

பன்னிரண்டு இருபதுக்குப் பரீட்சகர்கள் சாப்பிடப் போனார்கள். சவிரிமுத்தருக்கு வந்த சோற்றுப் பார்சல் மேசையில் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேல் தொங்கிய பலகையைப் பார்த்தார். பார்சலை எறும்பு கண்டுபிடித்துவிட்டது. எறும்புக்கு விதிகள் தெரியாது. அரை மணித்தியாலத்தில் எல்லாரும் ஏப்பத்தோடு திரும்பி வந்து, இறந்தவருக்கு ஆவி பிடித்தல், மருந்து கொடுத்தல் என்று மீதிப் பரீட்சையைத் தொடர்ந்தார்கள்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஜெனீற்றாவைக் கூப்பிட்டார்கள். அவளுடைய சீட்டில், படுக்கைப்புண் வராதபடி நோயாளியைத் திருப்பிவிடுதல் என்று இருந்தது. இதைவிட இலகுவான சீட்டுக் கிடையாது. இடப்பக்கம் திருப்பி, வலப்பக்கம் திருப்பி, எழுதிவிட்டுப் போனால் திங்கட்கிழமை வேலை. அவள் உள்ளுக்குள் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு சவிரிமுத்தரின் தோளில் கை வைத்தாள்.

தோள் குளிர்ந்து ஈரமாக இருந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அவருடைய விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவள் மெல்ல இடப்பக்கம் திருப்பினாள். அப்போது சவிரிமுத்தர் உதட்டை அசைக்காமல், வலைக்குள் மீன் விழுந்ததை அடுத்த தோணிக்காரனுக்குக் கேட்காமல் சொல்கிற குரலில் சொன்னார்:

"பிள்ளை, மற்றப் பக்கம் திருப்பினால் நான் கட்டிலிலேயே பெய்திடுவன். காலமையில இருந்து அடக்கிக்கொண்டு கிடக்கிறன்."

ஜெனீற்றா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே மூன்று கதிரைகளில் மூன்று பேர். சுவரில் மணிக்கூடு. ஒரு வார்த்தை கேட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் கொலர். அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. பத்து மாதம் படித்தது என்னத்தை?

"அப்பு, என்ன செய்யுது உங்களுக்கு?" என்று சத்தமாகக் கேட்டாள்.

பிரியவதனி ரீச்சரின் கையிலிருந்து பேனை விழுந்தது. இந்த மண்டபத்தில் அப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"தலை சுத்துது. கை நடுங்குது. ராத்திரிச் சாப்பிட்டதுதான்" என்றார் சவிரிமுத்தர்.

"பரீட்சார்த்தி கதைக்கிறா" என்றார் பணிப்பாளர். "நோயாளியும் மறுமொழி சொல்றார். இது கூட்டுச் சதி."

ஜெனீற்றா அதற்குள் அவரைத் தோளில் தாங்கி எழுப்பிவிட்டாள். பின்வளவு மலசலகூடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், வாசலில் காவல் நின்றாள். கிணற்றில் தண்ணீர் அள்ளி அவரையும் கழுவச் சொல்லி, தானும் நுரை வர, விரல் மறையக் கை கழுவினாள். திரும்பி வந்து அவரைக் கட்டிலில் இருத்திவிட்டு, பரீட்சகர்களின் மேசையில் இருந்த போத்தலில் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றி, நான்கு கரண்டி சீனி போட்டாள். அவர்களுடைய பணிஸ் தட்டையும் தூக்கிக்கொண்டு போனாள்.

பணிப்பாளர் கதிரையை விட்டு எழும்பிக் கட்டிலடிக்கு வந்தார்.

"நீர் என்ன வேலை செய்தனீர் எண்டு தெரியுமே? ஆறு நிமிசம் கட்டில் வெறுமையாய் இருந்தது. இந்த நிலையத்தில ஒரு நாளும் கட்டில் வெறுமையாய் இருந்ததில்லை. பலகை மாட்டியிருக்க நோயாளி பணிஸ் தின்னுறார். நோயாளிமாருக்குப் பசிக்குது எண்டு பார்க்க வெளிக்கிட்டால் நாங்கள் எப்ப பிள்ளை தாதி வேலை பார்க்கிறது?"

ஜெனீற்றா சவிரிமுத்தரின் விரல் நடுக்கம் குறைந்து, கன்னத்தில் நிறம் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அட்டையை எடுத்துத் தன் பங்குக்கு எழுதினாள். "பசி மயக்கம். தேத்தண்ணியும் இரண்டு பணிசும் கொடுக்கப்பட்டது. நடந்து போய்ச் சிறுநீர் கழித்தார். இப்போது சுகமாக இருக்கிறார். வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்." நேரத்தையும் போட்டு ஒப்பம் வைத்தாள். கொலர் தைக்கிறதென்றால் தைப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வின்சன்ற் அவளுடைய புள்ளித்தாளில் சுழியம் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு பதினைந்து. இனி ஒரேயொரு படிவம்தான் பாக்கி. நோயாளி மீள ஒப்படைப்புப் படிவம். கட்டில் அட்டையில் செல்லுபடியாகும் குறிப்புகளின்படி நோயாளியின் நிலையை எழுதி, பரீட்சகரும் பணிப்பாளரும் ஒப்பமிட்டு, ஆளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சித்தியடையாத பரீட்சார்த்தியின் குறிப்புகள் செல்லாது என்பதால், ஜெனீற்றா எழுதியதைச் சிவப்பு மையால் வெட்டப் பேனையைத் திறந்தார். வெட்டுமுன் அட்டையை மேலிருந்து கீழே ஒருதரம் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய முகம் மாறியது.

"ஐயா, இவர் பதினொண்டு முப்பத்தைஞ்சுக்குக் காலமாயிட்டார்" என்றார்.

"ஆர்?"

"நோயாளி."

எல்லாரும் திரும்பி நோயாளியைப் பார்த்தார்கள். அவர் மூன்றாவது பணிசைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குப் பிறகு அஞ்சு பேர் மருந்து குடுத்திருக்கினம்" என்றார் வின்சன்ற். "ஆனால் உயிர் வந்ததெண்டு ஒருத்தரும் எழுதேல்லை. இந்தக் கடைசிப் பிள்ளையைத் தவிர."

"அதுதானே பார்த்தன்" என்றார் சவிரிமுத்தர். "செத்தவனுக்கு என்னத்துக்குச் சாப்பாடெண்டு விட்டிருக்கிறியள்."

"நீர் கதைக்காதையும்" என்றார் பணிப்பாளர். அவருக்கு வியர்த்தது. "எழுதினது எழுதினதுதான். முப்பத்தாறு வருசத்தில நான் ஒரு பதிவைப் பொய்யெண்டு சொன்னதில்லை. செத்தவரை உயிரோட வெளியில விட எனக்கு அதிகாரமில்லை. மரண விசாரணை அதிகாரியைக் கூப்பிட வேணும்."

"அவர் எப்ப வருவார்?"

"நாளைக்கு. காத்து விட்டால். அதுவரைக்கும் மரணம் நடந்த இடத்தில நிண்ட சாட்சியள் தீவை விட்டு வெளிக்கிட ஏலாது."

சாட்சிகளில் தானும் ஒருவர் என்பது வின்சன்றுக்கு மெதுவாக உறைத்தது.

"அந்தப் பிரேமினியைப் பெயிலாக்கினால் என்ன?" என்றார் அவசரமாக.

"தொண்ணூற்றெட்டுப் புள்ளி எடுத்த பிள்ளையையோ? சரி, ஆக்குவம். அப்ப ஏழாவது பிள்ளையின்ர குறிப்பு நிக்கும். அதில நோயாளிக்கு நினைவில்லை. அதையும் வெட்டினால் ஆறாவது, இன்சுலின். ரெண்டு காலும் முறிஞ்சதை வெட்டுறதெண்டால் ரெண்டாவது பிள்ளை வரைக்கும் போக வேணும். மிஞ்சுற முதலாவதில சத்திரசிகிச்சை. பதின்மூண்டு பேரையும் பெயிலாக்கினால் பதின்மூண்டு காரணம் மும்மூண்டு பிரதியில எழுத வேணும்." பணிப்பாளர் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "இல்லாட்டில் ஒராளைப் பாஸாக்க வேணும்."

இறங்குதுறைப் பக்கமிருந்து படகின் ஹோர்ண் கேட்டது. காற்றுக் கூடினால் மூன்று மணிப் படகு இரண்டரைக்கே வெளிக்கிட்டுவிடும் என்று நெடுந்தீவில் எல்லாருக்கும் தெரியும். வின்சன்றுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவர் சுழியத்துக்கு முன்னால் ஒரு நான்கைப் போட்டார். சித்திக்கு வேண்டிய நாற்பதாக அது ஆகியது. பிறகு படிவத்தில் "நோயாளி சுகமாக இருக்கிறார், வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்" என்று பார்த்து எழுதி, ஒப்பம் வைத்து, தோற்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஜெனீற்றாவுக்கு நடந்தது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் வாய்விட்டுச் சிரித்தாள். சவிரிமுத்தரும் காரணம் கேட்காமல் சேர்ந்து சிரித்தார்.

சனிக்கிழமை அவளுடைய சான்றிதழ் கையில் கிடைத்தது. முத்திரை, இரண்டு ஒப்பம், நாற்பது புள்ளி. அடியில் பரீட்சகர் குறிப்பு என்ற இடத்தில் அவசரக் கையெழுத்தில் இப்படி இருந்தது: "பரீட்சார்த்தி நோயாளியிடம் என்ன செய்கிறது என்று கேட்டார். இது பாடத்திட்டத்துக்குப் புறம்பானது. எனினும் நோயாளி உயிரோடு இருப்பதைக் கருத்தில்கொண்டு இம்முறை மட்டும் மன்னிக்கப்படுகிறது."